வன்னியம்பட்டிக்கு வந்த பாலைவனக் குருவி

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து ஒப்பாரி வைத்தார்கள். இப்போதெல்லாம் பறவைக் கணக்கெடுப்பைச் செல்போன் செயலியில்தான் பதிய வேண்டுமாம். வறண்ட கண்மாய்க்குப் பூஜ்யம் போட்டால் அந்தச் செயலி ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறதாம். கரையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து, நடந்த கோடு படத்தில் விழுந்தால்தான் பூஜ்யமே உள்ளே போகுமாம்.

"இல்லாததை இல்லைன்னு எழுத எதுக்கு யக்கா அம்புட்டுத் தூரம் நடக்கணும்? இது என்ன கூத்து?" என்று ஒருத்தி கேட்டாள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்கள் வரதராஜன் சாரை யாரோ பிடித்துச் செல்போனுக்குள் அடைத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சொல்லியிருப்பேன், அதற்குள் அவர்களுக்கு மதுரை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சொல்லாமல் விட்டது தொண்டையிலேயே நிற்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நான் பேச்சியம்மாள். வனத்துறையில் வனக்காப்பாளராகச் சேர்ந்து வனவராக ஓய்வு பெற்றவள். வீடு ராஜபாளையம், வேலை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம். அப்பா இதே துறையில் பணியில் இருக்கும்போதே இறந்துபோனதால் கருணை அடிப்படையில் எனக்கு வேலை கிடைத்தது. "பொம்பளைப் பிள்ளைக்குக் காட்டு வேலையா?" என்று சொந்தக்காரர்கள் உச்சுக்கொட்டினார்கள். உச்சுக்கொட்டினவர்களில் ஒருத்தர்கூட மாசம் ஒரு படி அரிசி தருவதாகச் சொல்லவில்லை, அதனால் கிளம்பிவிட்டேன். பயிற்சியில் ஓடச் சொன்னார்கள், ஓடினேன். மரத்தின் சுற்றளவு எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். அதன்பிறகு பல வருஷம் தீத்தடுப்புக் கோடு வெட்டினேன். தென்னந்தோப்பில் இறங்கிய யானையைத் திருப்பி அனுப்பும் கூட்டத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். முயல் வேட்டைக்கு வந்த ஒருத்தனைச் சட்டைக் காலரைப் பிடித்து மெயின் ரோடு வரை இழுத்துக்கொண்டு வந்தேன். அதெல்லாம் எங்கள் துறையில் எல்லாரும் செய்கிற வேலைதான். எனக்கே எனக்கென்று நடந்தது ஒன்று உண்டு. அதைச் செய்தது என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற ஒரு குருவி.

முதலில் வரதராஜன் சாரைச் சொல்ல வேண்டும். எங்கள் சரகத்துக்கு வனச்சரகராக வந்தவர். காக்கிச் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. நெற்றியில் நாமம், பையில் மூடி போட்ட மை பேனா. காலையில் ஆண்டாளைச் சேவித்துவிட்டுத்தான் அலுவலகப் படி ஏறுவார். சத்தம் போட்டு ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. சத்தம் போடுகிற அதிகாரியைச் சமாளித்துவிடலாம், திட்டி முடித்ததும் அவரே டீ சொல்லிவிடுவார். இவர் திட்ட மாட்டார். கேள்வி கேட்பார்.

"கரை முழுக்க நடந்தீங்களாம்மா?"

"நடந்தேன் சார்."

"ரெண்டாவது மடைக்குப் பக்கத்துல என்ன மரம்?"

நடந்தவளுக்குப் புளியமரம் என்று பட்டென்று வாயில் வரும். நடக்காதவளுக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அப்போதும் அவர் திட்ட மாட்டார். படிவத்தைத் திருப்பி நீட்டி, "போயிட்டு வாங்க" என்பார். உச்சி வெயிலில் திரும்பப் போக வேண்டும். உபரித் தண்ணீர் வழிகிற கலுங்கில் எத்தனை படி, கரையில் எந்த இடம் அரித்திருக்கிறது, மடைச் சுவரில் யார் பேரைக் கரியால் எழுதியிருக்கிறார்கள் என்றெல்லாம் கேட்பார். சேர்ந்த புதிதில் இந்த மனுஷன்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "பறவையே இல்லாத இடத்துக்கு எதுக்கு சார் இம்புட்டு நடை?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "இருக்குன்னு தப்பா எழுதினா, இன்னொருத்தர் போய்ப் பார்த்துத் திருத்திடுவார். இல்லைன்னு எழுதிட்டா, அப்புறம் ஒருத்தரும் அந்தப் பக்கமே போகமாட்டாங்கம்மா" என்றார். நான் படிவத்தை எடுத்துக்கொண்டேன். கரையைப் பார்த்து நடந்தேன்.

தெரியாத பறவையைப் பார்த்தால் அதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். பார்த்த இடத்திலேயே படம் போட வேண்டும். எங்கெங்கே என்ன நிறம் என்று அம்புக்குறி போட்டு எழுதி, நேரம் குறித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் புத்தகத்தைத் தொடலாம். புத்தகத்தை முதலில் திறந்தால் கண் பார்த்ததை விட்டுவிட்டுப் புத்தகத்தில் இருப்பதைப் பார்க்க ஆரம்பித்துவிடும் என்பார். புதிதாக ஒரு பறவை எங்கள் சரகப் பதிவேட்டில் ஏற வேண்டுமானால் இரண்டு பேராவது பார்த்திருக்க வேண்டும். பார்த்தவர்கள் பார்த்த வரிசையில் கையெழுத்துப் போட வேண்டும். பெரிய பதவி, சின்னப் பதவி என்கிற வரிசை அதில் கிடையாது.

இவ்வளவு கறாரான மனுஷனுக்குத் தெரியாமல் எங்களிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கணக்கெடுப்பு வந்தால் ஆளுக்கொரு மூலையில் நிற்போம். தொகுத்து அனுப்பச் சொல்லி மேலே இருந்து அவசரப்படுத்துவார்கள், ஒரு கையெழுத்துக்காக எழுத்தர் எங்களைத் தேடிக்கொண்டு அலைவார். அதனால் முன்கூட்டியே பத்து வெறும் படிவத்தில் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவோம். தகவலைப் போனில் சொன்னால் அலுவலகத்தில் இருக்கிறவர் நிரப்பிக்கொள்வார். நானும் போட்டேன். எல்லாரும் செய்கிறார்கள் என்பதற்காகச் செய்தேனே தவிர அது சரி என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.

அந்த வருஷம் மழை பொய்த்துப்போயிருந்தது. தை மாசக் கணக்கெடுப்புக்கு எனக்கு விழுந்தது இரண்டு கண்மாய். ஒன்றில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது, விடியற்காலையில் அதை முடித்துவிட்டேன். மற்றது வன்னியம்பட்டிப் பக்கம். அதில் ஆடு குடிக்கக்கூடத் தண்ணீர் இல்லை. போகாமல் விட்டிருக்கலாம். வரதராஜன் சார் மடைப் பக்கத்து மரத்தைக் கேட்பாரே என்ற பயத்தில் போனேன். பக்தியெல்லாம் இல்லை, பயம்தான்.

கரையில் பாதி தூரம் போனபோது கண்மாய்க்குள், தண்ணீர் நிற்க வேண்டிய உள்வாயில், ஒரு சர்வே கல் தெரிந்தது. சீமைக்கருவேலத்துக்கு நடுவே கொஞ்சம் வெட்டவெளி, அதன் நடுவில் முழங்கால் உயரக் கல். கல்லின் மேல் ஒரு குருவி. முதலில் கருஞ்சிட்டு என்று நினைத்து இரண்டு எட்டு வைத்துவிட்டேன். அது கல்லிலிருந்து தரைக்கு இறங்கி எதையோ கொத்திவிட்டுத் திரும்பக் கல்லில் ஏறியது. ஏறும்போது பின்பக்கம் வெள்ளையாக மின்னியது. எனக்குத் தெரிந்த எந்தக் குருவியும் அப்படி மின்னாது.

அப்படியே கரைச் சரிவில் உட்கார்ந்துவிட்டேன். சூரியன் முதுகுக்குப் பின்னால். படிவத்தைத் திருப்பி வைத்துப் படம் போட்டேன். என் படத்தைப் பார்த்தால் கத்திரிக்காய்க்குக் கால் முளைத்த மாதிரி இருக்கும். ஆனால் அம்புக்குறி எல்லாம் சரியாக இருந்தது. முகமும் தொண்டையும் கறுப்பு. முதுகு கண்மாய் மண்ணின் நிறம். வாலுக்கு மேலே வெள்ளை. வால் முழுக்கக் கறுப்பு, ஓரத்தில் வெள்ளை இல்லை. வாலின் ஓரத்தை மூன்று தடவை பார்த்து எழுதினேன். அது டக் டக் என்று கல்லைத் தட்டுவது போல் ஒரு சத்தம் கொடுத்தது, அதையும் எழுதினேன். செல்போனில் ஒரு படமும் எடுத்தேன். அதில் ஒரு கல் இருந்தது, கல்லின் மேல் ஒரு புள்ளி இருந்தது.

சாயங்காலம் அலுவலகத்தில் நேரமும் கையெழுத்தும் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வரதராஜன் சார் அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்தார். நான் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். அதே கறுப்பு முகம், அதே கறுப்பு வால். பாலைவனக் குருவி என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. கல்லும் மணலுமான வறண்ட நாட்டில் வாழ்கிற பாட்டுப் பறவை, குளிருக்கு வடமேற்கு இந்தியா வரை வரும் என்று எழுதியிருந்தது. புத்தகத்தைச் சார் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

"நான் பார்க்கலையேம்மா" என்றார் சார். "இன்னொருத்தர் பார்க்காம பதிவேட்டுல ஏறாது. ஆனா படிவம் உங்களோடது. நீங்க பார்த்ததை அனுப்புங்க."

அனுப்பினேன். மறுநாளே தீத்தடுப்பு வேலைக்காக மலை ஏறிய சார் பத்து நாள் இறங்கவில்லை. அவர் இறங்குவதற்குள் எனக்கு மெமோ வந்துவிட்டது.

நடந்தது இதுதான். முத்துக்காளை என்று எங்கள் சரகத்தில் ஒரு வேட்டைத் தடுப்புக் காவலன், தற்காலிக வேலைக்காரன், தங்கமான பையன். கணக்கெடுப்புக்கு முந்தின நாள் பைக்கில் வன்னியம்பட்டி வழியாக வந்திருக்கிறான். கண்மாய் காய்ந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறான். அக்காவுக்கு ஒரு நடை மிச்சம் என்று, நான் கையெழுத்துப் போட்டு வைத்த வெறும் படிவம் ஒன்றை எடுத்து, மறுநாள் தேதி போட்டு, 'நீர் இல்லை, பறவை இல்லை' என்று நிரப்பி எழுத்தரிடம் கொடுத்துவிட்டான். நான் கொடுத்த படிவமும் அதோடு சேர்ந்து போய்விட்டது. ஒரே நாள், ஒரே கண்மாய், ஒரே கையெழுத்து. ஒன்றில் பறவையே இல்லை. இன்னொன்றில் இந்த ஜில்லாவே பார்க்காத பறவை.

மேலே அதைப் பார்த்தவர் உதவி வனப் பாதுகாவலர். இளவயது அதிகாரி, பறவை தெரிந்தவர், பெரிய கேமரா வைத்திருப்பவர். பொய்ப் பதிவு செய்ததற்காக உங்கள்மேல் ஏன் பதினேழு பி-யில் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டு வந்த மெமோ அவர் சொல்லி வந்ததுதான். அரசாங்க வேலையில் இருந்தவர்களுக்குப் பதினேழு பி என்றால் என்னவென்று தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன், பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டு அது. வனவர் பதவி உயர்வுப் பட்டியலில் அப்போது என் பெயர் இருந்தது. பி வந்தால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். அதைவிட, பொய் எழுதினவள் என்று பணிப்பதிவேட்டில் ஏறிவிடும். அப்பா பெயரைச் சொல்லி வாங்கின வேலையில் அப்படி ஒரு வரி ஏறுவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அலுவலகத்தில் எனக்குப் பாலைவனம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். "என்ன பாலைவனம், குருவி வந்துருச்சு, ஒட்டகம் எப்ப வருது?" என்பார் எழுத்தர். சிரிக்கிற மாதிரி நானும் சிரித்துவிட்டு, பஸ்ஸில் ஜன்னலோரம் திரும்பி அழுதுகொண்டே வருவேன்.

வழி சொல்லவும் ஆள் வந்தது. ஊழியர் சங்கத்துக்காரர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பறவை இல்லைங்கிற படிவத்துல இருக்கறது உன் கையெழுத்தே இல்லைன்னு சொல்லிரு. எவனோ போட்டுட்டான்னு முடிஞ்சுபோகும்" என்றார். எவனோ என்றால் முத்துக்காளைதான். அவன் எழுத்து எல்லாருக்கும் தெரியும். கள்ளக் கையெழுத்து என்று அவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இன்னொருவர், குருவியைத் தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் சின்னத் தண்டனையோடு போகும் என்றார். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எழுத என் கை வராது என்று சொல்லிவிட்டேன்.

முத்துக்காளை வீட்டுக்கே வந்து வாசலில் நின்று அழுதான். "என்னாலதான யக்கா இம்புட்டும். உங்களுக்கு நல்லது பண்ணுறேன்னு நெனச்சேன்."

"ஏலே, நீ ஒரு நடை மிச்சம் பண்ணினதுக்கு நான் எத்தனை நடை நடக்கேன் பாரு" என்று வைதேன். பிறகு சோறு போட்டு அனுப்பினேன். வெறும் தாளில் கையெழுத்துப் போட்டது நான். அவனை மட்டும் எப்படிக் குறை சொல்வது?

எனக்கு இருந்த ஒரே நம்பிக்கை அந்தக் குருவி. குளிருக்கு வருகிற அந்த ஜாதி ஓர் இடத்தைப் பிடித்தால் திரும்பிப் போகிற வரை அந்த இடத்தை விடாது என்று புத்தகத்தில் இருந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ராஜபாளையத்திலிருந்து முதல் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். மூன்று வாரம் கல்லின் மேல் இருந்தது. வரதராஜன் சாரிடம் ஓடினேன். "சார், இருக்கு சார், வந்து பாருங்க சார்."

அவர் வரவில்லை. "விசாரணை நடக்குதும்மா. இப்ப நான் போய்ப் பார்த்தா சாட்சியைத் தயார் பண்ணின மாதிரி ஆயிடும். விசாரணைக்கு வர்ற அதிகாரியை அங்கேயே கூட்டிட்டுப் போகச் சொல்லி எழுதறேன்" என்றார். ஆண்டாளே நேரில் வந்து சொன்னாலும் இந்த மனுஷன் விதியைத் தாண்ட மாட்டார் என்று மனசுக்குள் வைதுகொண்டே வந்தேன்.

எங்கள் தெருவில் பக்கத்து வீட்டுச் சீதம்மாவுக்கு வீட்டில் தெலுங்கு, வாசலில் தமிழ். குழாயடியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஏம்மா பேச்சி, உன் பிட்ட இருக்கா?" என்று கேட்பாள். அவர்கள் பேச்சில் பிட்ட என்றால் குருவி. இருக்கு என்று மூன்று வாரம் சொன்னேன். நாலாவது ஞாயிறு அவள் கண்ணில் படாமல் வீட்டுக்குள் போய்விட்டேன்.

அன்றைக்குக் கண்மாயில் சீமைக்கருவேலம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஏலம் எடுத்தவர்கள் இயந்திரத்தையே இறக்கியிருந்தார்கள். வண்டித் தடம், புழுதி, குவியல் குவியலாக முள். சர்வே கல்லைக் காணோம். குருவியையும் காணோம். நாள் முழுக்கக் காத்துக் கிடந்தேன். விசாரணை செவ்வாய்க்கிழமை.

செவ்வாய்க்கிழமை காலை வரதராஜன் சார் அறையில் விசாரணை. உதவி வனப் பாதுகாவலர் இரண்டு படிவத்தையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இதுல எது உங்க கையெழுத்து?"

"ரெண்டும் என்னோடதுதான் சார்."

"ஒரே நாள்ல ரெண்டு விதமா எப்படி எழுத முடியும்?"

"ஒண்ணை எழுதிட்டுக் கையெழுத்துப் போட்டேன் சார். இன்னொண்ணைக் கையெழுத்துப் போட்டுட்டு எழுதாம வச்சிருந்தேன். வெறும் தாள்ல போட்டது என் தப்பு."

வரதராஜன் சார் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். வெறும் படிவக் கதை அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கதவுக்கு வெளியே நின்ற முத்துக்காளை உள்ளே வந்துவிட்டான். "சார், அதை நிரப்பினது நான்தான் சார். அக்காவுக்குத் தெரியாது." யாரும் அவனைக் கூப்பிடவில்லை, அவனாக வந்தான்.

அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு என் கத்திரிக்காய்ப் படத்தை எடுத்தார். "சரி. பாலைவனக் குருவிக்கு வன்னியம்பட்டியில என்னம்மா வேலை?"

பயமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. "அதைக் குருவிகிட்டதான் சார் கேக்கணும். வந்ததை மட்டும்தான் நான் எழுதினேன்" என்றேன்.

சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. படத்தில் ஓர் அம்புக்குறியைத் தொட்டார். "வால் ஓரத்துல வெள்ளை இல்லைன்னு எழுதியிருக்கீங்க. இதே மாதிரி மத்த குருவிக்கெல்லாம் ஓரத்துல வெள்ளை இருக்கும். இதை எழுதினது புத்தகத்தைப் பார்க்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி" என்றார் வரதராஜன் சார். "நேரம் போட்டிருக்கு சார். புத்தகம் என் அலமாரியில பூட்டியிருந்தது."

அதிகாரி கேமராவைத் தோளில் மாட்டினார். "வாங்க, போய்ப் பார்ப்போம்."

ஜீப்பில் போகும்போது, ஞாயிற்றுக்கிழமை காணவில்லை என்று சொல்லவா வேண்டாமா என்று தவித்து, கடைசியில் சொல்லிவிட்டேன். அதிகாரி வண்டியைத் திருப்பச் சொல்லவில்லை. முத்துக்காளையும் கூட வர, கண்மாயில் இறங்கினோம். முள் மரம் எல்லாம் போய், கண்ணுக்கு எட்டிய வரை வெட்டவெளி. அரைமணி நேரம் நின்றோம். ஒரு குருவி இல்லை. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

அந்த வெட்டவெளியைப் பார்த்துக்கொண்டே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. பாலைவனத்துக் குருவிக்கு மரம் போனால் என்ன நட்டம்? மரம் போனால் அதற்குக் கொண்டாட்டம் அல்லவா! அதற்கு வேண்டியது உட்கார்ந்து சுற்றிப் பார்க்க உயரமாக ஒன்று. அந்தக் கல் போனதால்தான் அது இங்கே நிற்கவில்லை.

"ஏலே முத்துக்காளை, அந்தச் சர்வே கல்லைத் தேடு!" என்று கத்தினேன். அதிகாரிகள் முன்னால் நிற்கிறோம் என்பதே மறந்துபோனது. இயந்திரத் தடத்தை ஒட்டி, பாதி மண்ணுக்குள் குப்புறக் கிடந்தது கல். நானும் அவனும் புரட்டினோம். புரட்டி அங்கேயே நிறுத்தப் போனோம்.

"நில்லுங்க" என்றார் வரதராஜன் சார். "சர்வே கல்லை நம்ம இஷ்டத்துக்கு நடக்கூடாது. இடம் மாத்தினா குற்றம். பழைய குழியைத் தேடுங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கல்லைத் தூக்கித் தலையில் போட்டுக்கொள்ளலாமா என்று இருந்தது. தேடினோம். தடத்துக்கு இந்தப் பக்கம் புழுதியை விலக்கினால் சதுரமாகக் குழி. கல்லைத் தூக்கிப் போக இரண்டு ஆள் பத்தவில்லை. அப்போது வரதராஜன் சார் கைப் பட்டனைக் கழற்றினார். சுருக்கமே விழாத அந்தக் காக்கிச் சட்டையோடு குனிந்து கல்லின் அடியில் கை கொடுத்தார். மூன்று பேருமாகக் குழியில் இறக்கி, சுற்றிலும் மண்ணைத் தள்ளி மிதித்தோம். சாரின் நாமத்தில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது.

"இப்ப எல்லாரும் கரைக்கு வாங்க சார்" என்றேன். "சூரியன் முதுகுக்குப் பின்னால இருக்கணும். யாரும் நிக்கக் கூடாது. செத்த நேரம் பேசாம உக்காருங்க." என் வேலைக்காலத்தில் இரண்டு அதிகாரிகளை உட்கார் என்று சொன்னது அன்றைக்கு மட்டும்தான். உட்கார்ந்தார்கள்.

காத்திருந்தோம். தூரத்தில் ஆட்டுக்காரர் ஒருவர் கிடையை ஓட்டிக்கொண்டு போனார். புழுதி அடங்கியது. எனக்குக் கும்பிடக்கூடத் தோன்றவில்லை, கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் காதில் விழுந்தது. டக், டக். எதிரே தரையோடு தரையாக ஏதோ பறந்தது. பின்பக்கம் வெள்ளை மின்னியது. எழும்பி வந்து, நாங்கள் நட்ட கல்லின் உச்சியில் உட்கார்ந்து, கறுத்த முகத்தைத் திருப்பி எங்களைப் பார்த்தது.

கேமரா படபடவென்று அடித்தது. அதிகாரி மூச்சே விடவில்லை. குருவி எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, வாலைத் தாழ்த்தி விரித்தது. முழுக் கறுப்பு. ஓரத்தில் துளி வெள்ளை இல்லை. அந்தக் கண்மாயில் அப்போது என்னைவிடச் சந்தோஷமான மனுஷி யாரும் இல்லை. முத்துக்காளை என் கையைப் பிடித்துக்கொண்டு, "யக்கா, யக்கா, யக்கா" என்றான், வேறு வார்த்தை அவனுக்கு வரவில்லை.

அதிகாரி கேமராவை இறக்கிவிட்டு எழுந்து நின்று, "என்னை மன்னிச்சிருங்கம்மா" என்றார். நல்ல மனுஷன். அதை எல்லார் முன்னாலும் சொன்னார்.

அலுவலகத்துக்கு வந்ததும் விசாரணை அறிக்கை எழுதினார். பொய்ப் பதிவு என்ற குற்றச்சாட்டைக் கைவிடலாம். வெறும் படிவத்தில் கையெழுத்துப் போட்டதற்குக் கண்டனம், தண்டனைகளிலேயே சின்னது அதுதான். முத்துக்காளைக்கு எச்சரிக்கை. அடுத்த கணக்கெடுப்பில் சரகத்தின் எல்லாக் கண்மாய்க் கரையையும் அவன் நடக்க வேண்டும் என்று வரதராஜன் சார் தன் பங்குக்குச் சேர்த்தார். என் வாக்குமூலத்தை என்னிடம் நீட்டியபோது நான் பேனாவை எடுத்துவிட்டேன்.

"படிச்சுட்டுப் போடுங்க" என்றார் சார்.

படித்தேன். எழுத்து எழுத்தாக இரண்டு தடவை படித்தேன். கண்டனம் என்ற வார்த்தை வந்த இடத்தில் சிரித்துவிட்டேன். கையெழுத்துப் போட்டேன்.

அதன்பிறகு அவர் அலமாரியைத் திறந்து சரகப் பதிவேட்டை எடுத்து வைத்தார். இடம், தேதி, ஆங்கிலப் பெயர் எல்லாம் அவரே எழுதினார். தமிழ்ப் பெயர் என்ற இடத்தைக் காலியாக விட்டு, "முதல்ல பார்த்தவங்க எழுதணும்" என்று பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். முத்துக்காளை காதுக்குள், "வன்னியம்பட்டிக் குருவின்னு எழுதுங்க யக்கா" என்றான். நான் மாட்டேன் என்றேன். அத்தனை தூரம் பறந்து வந்ததன் ஊரை நாம் ஏன் மாற்ற வேண்டும்? எழுத்தரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு, அவர் பார்க்கப் பார்க்கப் பெரிய எழுத்தில் 'பாலைவனக் குருவி' என்று எழுதினேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

கையெழுத்துப் போடுகிற இடம் வந்தது. பழக்கத்தில் மேலே இடம் விட்டுக் கீழே போடப் போனேன். பெரிய அதிகாரியும் மேல் வரிசையில் போடப் பேனாவைத் திறந்தார்.

"பார்த்த வரிசை சார்" என்றார் வரதராஜன் சார், அதே தாழ்ந்த குரலில்.

முதல் வரியில் நான் போட்டேன். பேச்சியம்மாள், வனக்காப்பாளர். எனக்குக் கீழே, 'உடன் பார்த்தவர்' என்று எழுதி, வனச்சரகர் போட்டார். அவருக்குக் கீழே உதவி வனப் பாதுகாவலர். கடைசி வரியில் முத்துக்காளை தன் பெயரை முழுசாக எழுதினான். மை காயும் வரை சார் பதிவேட்டை மூடவில்லை.

ராஜபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவுக்குள் நுழைந்தால் குழாயடியில் கூட்டம். சீதம்மா குடத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கேட்கலாமா வேண்டாமா என்று அவளுக்குத் தயக்கம். பிறகு மெதுவாகத்தான் கேட்டாள். "ஏம்மா பேச்சி, பிட்ட?"

"வந்துச்சு சீதம்மா!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். "ரெண்டு ஆபீசர் முன்னாடி, கல்லு மேல ஏறி நின்னு, வாலை விரிச்சுக் காட்டுச்சு!"